பதினாலாம் நம்பர் கடை

மீன் ஞாயிறு அன்றைக்கு என்னால் அறைக்குள் உட்கார முடியாது. கல்யாணம் ஆன பிறகு இரண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்தேன். முதல் வருஷம், துவைத்துக் காயப்போட்ட துணியையே எடுத்து வந்து மறுபடி துவைத்தேன். அடுத்த வருஷம் ஓ.டி. கேட்டு வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். பச்சை ஒயர் சொருக வேண்டிய இடத்தில் மூன்று தடவை மஞ்சளைச் சொருகியதால், சூப்பர்வைசர் என்னை லைனை விட்டே எழுப்பி வெளியே அனுப்பினார். கேண்டீன் வாசலில் நின்றுகொண்டு, இந்நேரம் அம்மா புளி கரைத்திருப்பாள், இந்நேரம் டோக்கன் கட்டைப் பிரித்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் கீழ்க்கழனி. வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் மதில் எங்கே முடிகிறதோ அங்கே ஊர் தொடங்குகிறது. 2015 மழையில் எங்கள் ஏரி நிரம்பி, மதகுக்குப் பக்கத்தில் கரையை அரித்துக்கொண்டு போய்விட்டது. யாருக்கும் காத்திராமல் ஊரே மண் கொட்டி அடைத்தது. அந்தச் செலவுக்குப் பணம் திரட்டத்தான் அடுத்த வருஷம் மே மாதம், ஏரியில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, எல்லாரும் இறங்கி மீன் பிடித்து, கரையிலேயே குழம்பு வைத்து விற்றார்கள். சுற்றுப்பட்ட கம்பெனிகளின் ஹாஸ்டல் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து சாப்பிட்டுப் போனார்கள். கரை சரியான பிறகும் அது நிற்கவில்லை. கொரோனா வந்த இரண்டு வருஷம் தவிர, மே மாதம் இரண்டாவது ஞாயிறு என்றால் ஏரிக்கரையில் கடை போட்டாக வேண்டும். அதற்கு மீன் ஞாயிறு என்றே பெயர் ஆகிவிட்டது. வருகிற பணத்தில் இப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூடுதலாக இரண்டு டீச்சர் வேலை பார்க்கிறார்கள்.

இரண்டாம் நம்பர் கடை எங்களுடையது. அப்பா கோதண்டராமன்தான் வலை இறக்குகிறவர்களுக்குத் தலைவர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார். ஆனால் அந்த ஒரு நாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினால் ஆளே வேறு. அம்மா அம்சவல்லிக்குக் குழம்பு. தம்பி திருமலைக்கு விறகும் தண்ணீரும். எனக்கு டோக்கன். பதினாறு வயதிலிருந்து அந்த மேஜை என்னுடையது. "வா வா, வரால் கொழம்பு, சூடு ஆறதுக்குள்ள வா" என்று நான் கத்தினால் ரோட்டில் போகிற ஷேர் ஆட்டோ நிற்கும் என்று ஊரில் கிண்டல் பண்ணுவார்கள்.

பிறகு நான் மாசானத்தைக் கல்யாணம் பண்ணிக்கொண்டேன்.

மாசானம் எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். தென்காசிப் பக்கம். வேறு ஜாதி. எங்கள் வீட்டில் என்னை ஒதுக்கிவைக்க அது போதும். ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து போன் பண்ணினபோது அப்பா கத்தவில்லை. "செத்தவங்களுக்கு இந்த வூட்ல எடம் இல்ல" என்று மட்டும் சொன்னார். நாங்கள் ஒரகடத்தில் ஒரு லைன் வீட்டில் அறை எடுத்தோம். ஊருக்கும் எனக்கும் நாலே கிலோமீட்டர். கம்பெனி பஸ் தினமும் அந்த ஏரிக்கரை திருப்பத்தைத் தாண்டித்தான் போகும். நான் எப்போதும் மறுபக்கத்து சீட்டில் உட்காருவேன்.

இந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் ஊர்க்காரப் பெண் ஒருத்தி எனக்கு ஒரு வாட்ஸ்அப் நோட்டீஸ் அனுப்பினாள். 'மீன் ஞாயிறு. கடை போட விருப்பமுள்ள அனைவரும் அணுகலாம்.' கீழே நிதிக் கமிட்டித் தலைவர் சுப்பராயன் நம்பர். அனைவரும் என்ற அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டு எழுந்தவள்தான், மூன்று நாள் நிலைகொள்ளவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். அங்கிருந்து எதற்கு வந்தோம் என்று திரும்பி வருவேன்.

"ஏட்டி, என்னன்னு சொல்லித் தொலை. மூணு நாளா கால்ல சக்கரம் கட்டின மாதிரில்லா திரியுத" என்றான் மாசானம்.

"நம்ம கடை போடலாமா?"

அவன் நோட்டீஸைப் படித்தான். படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"உங்க அப்பா கடைக்கு எதுத்தாப்புலயா?"

"எதுத்து இல்ல. பக்கத்துலயும் இல்ல. எங்கயோ ஒரு ஓரமா. எனக்கு அந்த நாள்ல அங்க இருக்கணும். வாங்கித் தின்னுட்டுத் திரும்பி வர்ற ஆளா இல்ல. கடைக்காரியா."

நோட்டீஸை மறுபடி மேலிருந்து கீழே படித்தான். பிறகு, "எங்க அம்மை வைக்க மாதிரி தேங்கா அரைச்சு, மாங்கா போட்டு வைப்பமா?" என்று கேட்டான். அவன் சம்மதிக்கிற விதம் அது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து நேரே சுப்பராயன் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். வல்லம் கூட்ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"நோட்டீஸ்ல அனைவரும்னு போட்டிருக்கு பெரியப்பா."

"போட்டிருக்கு. நான்தான் போட்டேன்." தலையைச் சொறிந்தார். "ஏம்மா, உங்கப்பனுக்கும் எனக்கும் நடுவுல எதுக்கு வம்பு இஸ்து வுட்ற?"

"நான் ஊர்ப் பொண்ணுதானே?"

"அத்த யாரு இல்லன்னா?"

"அப்ப நம்பர் குடுங்க."

மனுஷன் நல்லவர். ஆனால் பயந்தவர். நோட்டைத் திறந்து, கடைசியில் பதினாலு என்று எழுதி என் பெயரைப் போட்டார். "கலங்கல் பக்கம், கடைசிக் கோடி. அங்க ஒருத்தரும் வர மாட்டாங்க. பரவால்லையா?"

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம்தான் கலங்கல். பரவாயில்லை என்றேன். அப்பாவிடம் சொல்வாரா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

அதற்குள் பத்து நாள். பாத்திரத்துக்குச் சொல்லி, சிலிண்டருக்குச் சொல்லி, பக்கத்து அறை சந்தனமாரியை டோக்கனுக்கு உட்காரச் சம்மதிக்கவைத்து, மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்து எல்லாம் முடித்த பிறகும் எனக்கு வேலை முடிந்த மாதிரி இல்லை. சனிக்கிழமை மசாலா டப்பாவை நாலு தடவை திறந்து முகர்ந்தேன். மாசானம் அதைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிறபோதே ஏரிக்கரைக்குப் போய்விட்டோம். தண்ணீர் நடுவில் மட்டும் தேங்கி, சுற்றிலும் சேறு வெடித்துக் கிடந்தது. வலை போட்டுக்கொண்டிருந்தவர்களில் அப்பா எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. இடது தோளைக் கொஞ்சம் தூக்கி நடக்கிற நடை. பாத்திரத்தை இறக்கினேன், மறுபடி தூக்கினேன், வேறு இடத்தில் வைத்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா வலை மீனையும் தார்ப்பாயில் ஒரே குவியலாகக் கொட்டுவார்கள். அப்பாதான் கடைக்கடைக்குப் பங்கு பிரிப்பார். அவர் பிரித்தால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள், அவ்வளவு நியாயம். சுப்பராயன் பெரியப்பா நோட்டைப் பார்த்து நம்பரைக் கூப்பிட்டார். ஒவ்வொரு கடையாக வந்து வாங்கிப் போனார்கள். பதின்மூன்றுக்குப் பிறகு பெரியப்பா தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார்.

"பதினாலு."

"பதிமூணு கடைதான?" என்றார் அப்பா, குனிந்தபடியே.

மாசானம் டப்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். நான் அவனுக்குப் பின்னால். அப்பா நிமிர்ந்தார். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மீசை முழுக்க வெளுத்திருந்தது. குவியலில் மீன்கள் துள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கையில் அகப்பட்டதை எறிவாரோ என்று நினைத்தேன். அவர் குனிந்து, கெளுத்தியாகவே பொறுக்கிப் பொறுக்கி டப்பில் போட ஆரம்பித்தார். பெரிய வரால்கள் நாலைந்து பக்கத்திலேயே கிடந்தன. ஒன்றைக்கூடத் தொடவில்லை. கையில் குத்துகிற முள்ளு மீனாகவே டப்பு நிறைந்தது. எடை மட்டும் சரியாக இருந்தது. போட்டு முடித்ததும் கையை உதறிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"அவமானப்படுத்திட்டாருல்ல?" என்றேன் கடைக்கு வந்ததும்.

மாசானம் கெளுத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கட்டை விரலில் முள் ஏறி ரத்தம். "இதுல அவமானம் என்ன கெடக்கு? கெளுத்திதான் கொழம்புக்கு ருசி. உங்க அப்பாவுக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் என்னைக் குடைந்தது. இளக்காரமாகக் கொடுத்தாரா, தெரிந்தே கொடுத்தாரா? அன்றைக்கு முழுக்க யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. இன்றைக்கும்தான்.

பதினொரு மணிக்குக் கடைகள் திறந்தன. எங்கள் பக்கம் ஒருத்தரும் வர மாட்டார்கள் என்று பெரியப்பா சொன்னது ஒரு விஷயத்தில் தப்பாகிவிட்டது. கரையின் அந்தக் கோடிக்கு வருகிற ஊர்க் கோவில் சாலையை அந்த வாரம்தான் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்த ஷேர் ஆட்டோ எல்லாம் கலங்கல் பக்கமாகவே வந்து ஆளை இறக்கியது. இறங்கியதும் கண்ணில் படுகிற முதல் கடை எங்களுடையது. தேங்காயும் மாங்காயும் கொதிக்கிற வாசனைக்குத் தெற்கத்திப் பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"அண்ணே, இது நம்ம ஊரு கொழம்புல்லா?" என்று ஒரு பையன் கேட்டான். "எங்கன உள்ளவிய நீங்க?"

மாசானம் சிரித்துக்கொண்டே கரண்டியைப் போட்டான். ஒரு மணி நேரத்தில் சந்தனமாரியிடம் இருந்த முதல் டோக்கன் கட்டு தீர்ந்துவிட்டது.

ஆனால் ஊர்க்காரர் ஒருத்தர்கூட வரவில்லை. என்னைத் தூக்கி வளர்த்த பெண்கள், என்னோடு படித்தவர்கள், எல்லாரும் கடையைத் தாண்டிப் போனார்கள். சிலர் சிரித்தார்கள். "அப்பறம் வர்றேன் ரஞ்சனி" என்றார்கள். யாரும் அப்புறமும் வரவில்லை. பெஞ்சில் இடம் இருக்கும்போதே, கடையைச் சுற்றியிருந்த வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். தட்டில் சோறு போட்டுக்கொண்டே நான் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை வேலை செய்தது, மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அம்மா வந்துகொண்டே இருந்தாள். கடைக்கு இல்லை, கலங்கல் ஓரத்துக் குழாய்க்கு. இரண்டாம் நம்பர் கடைக்குப் பக்கத்திலேயே கமிட்டி ட்ரம் நிறையத் தண்ணீர் வைத்திருந்தது. அதை விட்டுவிட்டு முழுக் கரையையும் நடந்து வந்து ஒரு குடம் பிடிப்பாள். எங்கள் பக்கம் திரும்பாமல் போவாள். பத்து நிமிஷத்தில் மறுபடி வருவாள். நாலாவது தடவை குடம் நிரம்பி வழிந்து புடவை நனைவதுகூடத் தெரியாமல் எங்கள் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பார்த்ததும் சட்டென்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு மணி இருக்கும். அப்பா கரை மேலே வருவது தெரிந்தது. நடை அல்ல, பாதி ஓட்டம். அவருக்குப் பின்னால் திருமலை, "வேணாம்பா, வுடுப்பா" என்று கெஞ்சிக்கொண்டு வந்தான். அப்பா எங்களிடம் வரவில்லை. எங்கள் கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த சுப்பராயன் பெரியப்பாவிடம் போய் நின்றார்.

"இன்னா சுப்பராயா. ஊரு ஏரி, ஊரு மீனு. வெளி ஆளுக்குக் கடை குடுக்க உனுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

"கோதண்டம், நோட்டீஸ்ல அனைவரும்னு..."

"நோட்டீஸ மடிச்சி வச்சிக்க. எங்க கடையில ஈ ஓட்டினு கீறோம். வர்றவன் எல்லாம் இங்கயே நின்னுட்றான். காலைலேந்து பத்து வருஷப் பேரு போவுது. இத்த மூடச் சொல்லு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் தட்டோடு எழுந்து நின்றார்கள். மாசானம் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தான். கையைக் கட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில், "சண்டை வேண்டாம். இருக்கிறத வித்துட்டுக் கெளம்பிருதோம் மாமா" என்றான்.

"யாருக்கு யாருடா மாமா?"

அந்தச் சத்தத்தில் கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாசானம் தலையைக் குனிந்துகொண்டான். காலையில் முள் ஏறின கட்டை விரலைத் துண்டால் சுற்றியிருந்தான், அது ஈரமாகியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் இரண்டு வருஷமாக அடங்கிக் கிடந்தது கிளம்பிவிட்டது.

"நான் மூட மாட்டேன்" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாறு வயசுலேந்து இந்தக் கரையில டோக்கன் குடுத்தவ நான். தொண்ட கிழியக் கத்தி ஆள் சேத்தேன். என்ன செத்துட்டன்னு சொன்ன, சரி. உன் வூட்டுக்கு வந்தனா? உன் வாசல்ல நின்னனா? இது உன் வூடு இல்ல. ஏரிக்கரை. இங்க வர்றதுக்கு யாரையும் கேக்க மாட்டேன். எங்க அண்டால ஒரு சொட்டு கொழம்பு கீற வரிக்கும் இங்கதான் இருப்பேன்."

மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊர்ப் பெண்கள் நிற்கிற இடத்தில் ஒரு சலசலப்பு. அவர்களை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். கையில் குடம் இல்லை.

நேராகச் சந்தனமாரியிடம் போய், "ஒரு டோக்கன் குடும்மா" என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுத்தாள். டோக்கனை என்னிடம் நீட்டினாள். நான் அதை வாங்கினேனா, கீழே விழுந்ததா, நினைவில்லை. அவள் போய் பெஞ்சில், எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

"சோறு போடு" என்றாள்.

மாசானம்தான் தட்டை வைத்தான். சோறு போட்டு, குழம்பை ஊற்றி, பெரிய துண்டாக இரண்டு பார்த்து வைத்தான். அம்மா பிசைந்தாள். ஒரு வாய் போட்டாள். மெதுவாக மென்றாள். எத்தனையோ பேர் சாப்பிட்டுப் போன குழம்பு. அந்த ஒரு வாய்க்காக நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"உப்பு கம்மி" என்றாள். "மாங்கா போட்டா ஒரு பிடி கூடப் போடணும். சொல்லிக் குடுத்தனே, மறந்துட்டியா?"

"அம்சா, எழுந்திரு" என்றார் அப்பா.

"சாப்ட்டுகினு கீறேன். எச்சக் கையோட எழுந்து வரச் சொல்றியா?"

"ஊரே பாக்குது."

"பாக்கட்டும். ஊருக்குப் பயந்து பொண்ண வுட்டுட்டு ரெண்டு வருசமா நாந்தான் பாக்காம கீறேன்." இரண்டாவது வாயை எடுத்தாள். சோறு தட்டிலேயே சிந்தியது. ஆனால் நிறுத்தவில்லை. "நீ போய் கடையப் பாரு. நான் தின்னுட்டு வர்றேன்."

அப்பா ஒரு நிமிஷம் நின்றார். முகம் கறுத்துப் போயிருந்தது. யாராவது தடுப்பார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, ஒருத்தரும் தடுக்கவில்லை. திரும்பி நடந்துவிட்டார். திருமலை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர் பின்னால் ஓடினான்.

அம்மா தட்டைத் துடைத்த மாதிரி சாப்பிட்டாள். கையைக் கழுவிவிட்டு, "முள்ளு எடுத்தாச்சா? மஞ்சள் வச்சிக் கட்டு" என்று மாசானத்திடம் சொன்னாள். அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. என் கன்னத்தை ஈரக் கையால் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். அம்மாவோடு நூறு நாள் வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள், அப்புறம் சுப்பராயன் பெரியப்பாவே ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்கள் வேலிக்கு வெளியேதான் நின்றார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். அதுவும் உண்டு.

மூன்று மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் விட்டது. இரண்டு கம்பெனி பஸ் அடுத்தடுத்து கலங்கல் பக்கம் வந்து நின்றன. திமுதிமுவென்று இறங்கினார்கள், பாதிப் பேர் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. அப்போதுதான் மாசானம் அன்னக்கூடையைச் சாய்த்துக் காட்டினான். அடியில் ஒட்டின சோறுதான் இருந்தது. குழம்பு அரை அண்டா கிடக்கிறது, சோறு இல்லை. இனி உலை வைத்தால் வடிக்க முக்கால் மணி நேரம். அதுவரை இந்தக் கூட்டம் நிற்காது.

"எங்கயாவது சோறு இருக்குமா?" என்றான்.

இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அப்பா எப்போதும் கூட்டத்தை நம்பி இரண்டு மடங்கு அரிசி போடுவார். இந்த வருஷம் கூட்டம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

இடுப்பில் சொருகியிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தேன். பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று என்று கடைகள் பின்னால் போயின. ஒவ்வொரு கடையிலும் பேச்சு நின்று, நான் தாண்டினதும் மறுபடி கேட்டது. ஐந்தாம் நம்பர் பக்கம் வந்தபோது திரும்பிவிடலாமா என்று தோன்றியது. பஸ்ஸில் இறங்கியவர்களின் பசித்த முகம் ஞாபகம் வந்து, வேகமாக நடந்தேன். கடைசியில் கிட்டத்தட்ட ஓடினேன்.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து வெற்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்று அண்டாவின் மேல் போட்டிருந்த வெள்ளைத் துணி கலையவே இல்லை. டோக்கன் மேஜையில் யாரும் இல்லை. அம்மா அடுப்பண்டையில் இருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள்.

"பா" என்றேன். அந்த வார்த்தை வெளியே வர எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. "ரெண்டு பஸ்ஸு வந்து நிக்குது. கொழம்பு கீது, சோறு இல்ல. சோறு வேணும்."

அவர் திரும்பவில்லை.

"பசியோட திரும்பிப் போயிடுவாங்கப்பா. ரெண்டு கடைக் காசும் அதே டீச்சருங்களுக்குத்தான் போவுது."

ஈ ஒன்று மேஜை மேல் வந்து உட்கார்ந்தது. அப்பா அதைத் துண்டால் விரட்டினார். போய்விடலாம் என்று காலை எடுத்தபோது, அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"திருமல. அண்டாவ தூக்கினு போடா. ஒரு ஆளா தூக்காத, இடுப்பு புடிச்சிக்கும்." கொஞ்சம் பொறுத்து, "நம்ம கொழம்பையும் எடுத்துனு போ. இங்க யாருக்கு ஊத்த?"

திருமலை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு சோற்றைத் தூக்கினோம். அம்மா குழம்புச் சட்டியை இடுப்பில் ஏந்திக்கொண்டாள். மூன்று பேரும் கரை வழியாக வேகவேகமாக நடந்தோம். திருமலைக்கு மூச்சு வாங்கியது. "எக்கா, காலைலேந்து எத்தினி தடவ உன் கடைப் பக்கம் பாத்தாரு தெரியுமா?" என்றான். "வாய மூடிகினு நட" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு யோசிக்க நேரமில்லை. தேங்காய்க் குழம்பு ஒரு பக்கம், புளிக் குழம்பு ஒரு பக்கம். எது வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஊற்றினோம். நான் என்னை அறியாமல் பழைய மாதிரி கத்த ஆரம்பித்தேன். ஐந்து மணிக்கு இரண்டு அண்டாவும் காலி. அப்பா வரவில்லை. இரண்டாம் நம்பர் கடையின் பந்தலைத் தனியாகப் பிரித்து, மூங்கிலைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் ஒரு முனையைப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். போகவில்லை. அன்றைக்கு அவரிடம் அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பிறகு இரண்டு புதன்கிழமை அம்மா எங்கள் அறைக்கு வந்தாள். அப்பா டூட்டிக்குப் போன பிறகு ஷேர் ஆட்டோவில் வந்து, இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போனாள். அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். கேக்கல. நானும் சொல்லல" என்றாள்.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், மாசானமும் நானும் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அப்பா நம்பர். மாவுக் கையோடு எடுத்தேன்.

"வியாழக்கெழம உனுக்கு எந்த ஷிப்ட்டு?" என்றார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"செகண்ட் ஷிப்ட்டுப்பா."

"அம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியல. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரில காலைல பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. எனக்கு டூட்டி மாத்த முடியல. திருமலைக்கும் வேல."

"நான் கூட்டினு போறேன்."

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கேட்டில் நின்றுதான் பேசுகிறார். வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"கண்ணுல மருந்து வுட்டா ஒண்ணும் தெரியாது. பஸ்ஸுல ஏத்தி எறக்கறது கஷ்டம்" என்றார். தொண்டையைச் செருமினார். "அந்தப் பையனுக்கு லீவு கெடைக்குமா? வண்டி வச்சிருக்கான் இல்ல?"

நான் மாசானத்தைப் பார்த்தேன். அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. தலையை ஆட்டினான்.

"கெடைக்கும்பா" என்றேன்.

"ஒம்பதரைக்கு வூட்டாண்ட வந்துடச் சொல்லு. லேட்டா வந்தா டாக்டரு போயிடுவாரு." போனை வைத்துவிட்டார்.

மாசானம் அன்றைக்கே சூப்பர்வைசருக்கு மெசேஜ் போட்டு லீவு கேட்டான். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் நாங்கள் ஊர் எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டோம்.